சந்தனம் பூசிய ரோட்டர்

என் நாட்குறிப்பில் அந்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு பக்கம் இருக்கிறது. ‘ரோட்டரில் ஈரம். கார் தாமதமாகக் கிளம்பியது. கோத்தா திங்கி சேர்ந்தபோது மணி 3.50. அடக்கம் முடிந்திருந்தது.’ நான்கு வாக்கியங்கள். நான்கும் உண்மை. ஆனால் அந்தப் பக்கத்தில் இருபது நிமிஷம் குறைகிறது. அதை இங்கே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. ஜொகூர் பாருவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நில வரைபடங்களைக் காக்கும் வேலை. எந்த வரைபடம் எந்த அலமாரியில், எந்தத் தட்டில், யார் எப்போது எடுத்தார்கள், எப்போது திருப்பினார்கள் என்று எழுதி வைக்க வேண்டும். மனைவி இறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் பலகை வீடு. ஜொகூரில் அரசாங்க விடுமுறை வெள்ளிக்கிழமை. கடலுக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை. எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று குடும்பங்களும் சிங்கப்பூரில்தான் இருந்தன. எனக்கு ஓய்வான நாளில் அவர்களுக்கு வேலை. அவர்கள் வீட்டிலிருக்கும் நாளில் நான் வரைபடங்களோடு இருப்பேன். பாலத்தைக் கடந்து போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியது உண்டு. பிறகு போவதை விட்டுவிட்டேன்.

காரை வாங்கியது அந்தக் காலத்தில்தான். ஊருக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து வாங்கிய பழைய வண்டி. மேலே கித்தான் கூரை, பக்கங்களில் கண்ணாடி கிடையாது. கதவு இடுப்பு உயரம். எங்கே போவதற்கு என்று அலுவலகத்தில் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை தம்போய் வரைக்கும் ஓட்டிப்போய், ரப்பர் மரங்களுக்கு நடுவே நிறுத்தி, ஒரு சுருட்டுப் பிடித்துவிட்டுத் திரும்புவேன். வேறு இடமில்லை.

வாங்கி ஐந்தாவது மாதம் ஊரில் ஒரு டாக்டரின் கார் திருடுபோனது. படக்கொட்டகை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனவர் வெளியே வந்தபோது இடம் காலியாக இருந்தது. நான்கு நாள் கழித்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சதுப்பில் டயர்கள் இல்லாமல் கிடைத்தது. அன்றிலிருந்து எனக்கு அலுவலகத்தில் உட்கார முடியவில்லை. ஒரு மணிக்கு ஒரு தடவை ஜன்னலுக்குப் போய் வண்டி நிற்கிறதா என்று பார்ப்பேன்.

முதலில் சங்கிலி வாங்கினேன். படகு கட்டும் இரும்புச் சங்கிலி. முன் சக்கரத்து ஆரங்களுக்குள் நுழைத்து, அச்சைச் சுற்றிக் கொண்டுவந்து பூட்ட வேண்டும். அடுத்து, பெட்ரோல் குழாயை மூடும் திருகைக் கையோடு எடுத்துவிடும்படி பட்டறையில் மாற்றிக்கொண்டேன். மூன்றாவது, ஓர் எச்சரிக்கை மணி. கதவிடுக்கில் ஒரு பித்தளைத் தகடு வைத்து, பேட்டரியிலிருந்து ஹாரனுக்குக் கம்பி இழுத்தேன். கதவு திறந்தால் ஹாரன் அலறும். அதை நிறுத்தும் விசை ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருந்தது. கை விட்டுத் துழாவினால்தான் அகப்படும்.

நான்காவதைச் சொன்னவர் பட்டறைக்காரர். இஞ்சின் பக்கத்தில் ஒரு மூடியைத் திறந்து, இரண்டு விரற்கடை நீளத்தில் கறுப்பாக ஒரு சாமானைப் பிடுங்கிக் காட்டினார். தலையில் பித்தளைத் தகடு. ரோட்டர் என்றார். “இது உள்ள சுத்தினாத்தான் பொறி போகும். இதை எடுத்து சட்டைப் பையில போட்டுக்குங்க. அப்புறம் உங்க வண்டி வண்டியில்ல, வெறும் தகரம்.” அன்றிலிருந்து எங்கே நிறுத்தினாலும் ரோட்டரை எடுத்து, கம்பளித் துணியில் சுற்றி, காலித் தீப்பெட்டியில் வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன்.

இதையெல்லாம் தினமும் வேடிக்கை பார்த்த ஒரே மனிதர் சந்தின் முனையில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர். நாகூர்ப் பக்கத்து முஸ்லிம். என்னைவிட மூன்று வயது மூத்தவர். எங்கள் பக்கத்தில் அவர்களும் நாங்களும் முறை வைத்துத்தான் கூப்பிட்டுக்கொள்வோம். அவர் என்னை மாப்பிள்ளை என்பார். நான் மாமா என்பேன். காலையும் மாலையும் அவர் கடையில்தான் சாப்பாடு. நாள் முழுதும் நான் பேசுகிற பேச்சில் பாதிக்கு மேல் அந்தக் கடையில் பேசியதாகத்தான் இருக்கும்.

“என்ன மாப்ளே, காருக்குத் தாலி கட்டியாச்சா?” என்பார், நான் சங்கிலியைப் பூட்டிவிட்டு நிமிரும்போது.

“கட்டியாச்சு மாமா.”

“பொண்டாட்டிக்குக் கட்டும்போதுகூட இத்தனை முடிச்சுப் போட்டிருக்க மாட்டீங்க.”

மணியைப் பற்றிச் சொன்னபோது சிரிக்கவில்லை. எழுந்து வந்து, காரைச் சுற்றி நடந்து, இடுப்பு உயரக் கதவின் மேல் கைவைத்துப் பார்த்தார். “மாப்ளே, ஒரு சந்தேகம். திருடன் கதவைத் திறக்காம மேலால எகிறிக் குதிச்சா?”

அதை நான் யோசித்திருக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலும், உட்கார்ந்தால் அலறும்படி, ஒரு தகடு வைத்தேன். அதைக் காட்டியதும் கடையே சிரித்தது. “எந்த அரக்கனோ தன் உயிரைக் கொண்டுபோய் ஏழு கடலுக்கு அப்பால கிளிக்குள்ள வச்சானாம். நம்ம மாப்ளே காரோட உயிரைத் தீப்பெட்டியில வச்சிருக்காரு. பாத்துங்க, எவனாவது சுருட்டுப் பத்தவைக்கக் கேட்டா குடுத்துடாதீங்க!”

எனக்கும் சிரிப்பு வந்தது. இந்தப் பேச்சுக்காகவே மெதுவாகப் பூட்டியது உண்டு.

அவருக்குச் சொந்தம் என்று இந்த நாட்டில் ஓர் அண்ணன்தான். கோத்தா திங்கியில் மளிகைக்கடை. தகப்பன் இறந்தபின் பன்னிரண்டு வயதுத் தம்பியைக் கையைப் பிடித்துக் கப்பலேற்றிக் கூட்டிவந்தவர். அண்ணனைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் கேலி பேசமாட்டார். நோன்புப் பெருநாளுக்கு அங்கே போவார். மற்றபடி கடையை விட்டு நகர முடியாது. அந்த வருஷம் பெருநாளுக்கும் போகவில்லை. சமையற்காரர் ஓடிப்போயிருந்தார். “அடுத்த மாசம் உங்க கார்லதான் கூட்டிட்டுப் போகணும் மாப்ளே, இருபத்தாறு மைல்தானே” என்றார். சரி என்றேன். அந்த அடுத்த மாதம் நான்கு தடவை தள்ளிப்போனது.

சரஸ்வதி பூஜை அந்த வருஷம் வெள்ளிக்கிழமையில் வந்தது. ஆயுதங்களுக்கும் அன்றுதான் பூஜை. எந்தக் கருவியால் பிழைக்கிறோமோ அதைச் சுத்தம் செய்து, சந்தனம் குங்குமம் இட்டுச் சாமி முன் வைப்பது வழக்கம். வைத்ததை அன்று தொடக்கூடாது. மறுநாள் காலையில் மறுபடி பூஜை செய்துதான் எடுக்க வேண்டும். அன்றைக்கு எழுதுவதும் இல்லை, படிப்பதும் இல்லை. மனைவி இருந்தபோது அவள் செய்வாள். பிறகு நான் ஒருவனாக, அவள் செய்த வரிசை மாறாமல் செய்துவந்தேன்.

பேனா, மைக்கூடு, அளவுகோல், நாட்குறிப்பு. அந்த வருஷம் இவற்றுக்குப் பக்கத்தில் கார்ச் சாமான்களும் சேர்ந்தன: சங்கிலிப் பூட்டின் சாவி, பெட்ரோல் திருகு, ரோட்டர். காரைக் கழுவி, முன்னால் மாலை போட்டு, சக்கரத்தில் சங்கிலியைப் பூட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். பிறகு உள்ளே வந்து ஒவ்வொன்றுக்கும் சந்தனம் இட்டேன். ரோட்டருக்கு மற்றவற்றைவிடக் கூடவே இட்டேன். காரின் உயிர் அதில்தானே. பித்தளைத் தகட்டின் மேலும் கீழும், நடுவிலுள்ள குழியிலும் நன்றாகப் பூசி, மேலே குங்குமம் வைத்தேன்.

மதியம் 1.15க்கு வாசலில் மாமாவின் குரல் கேட்டது. ஜும்ஆ தொழுகைக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக நின்றார். படியேறவில்லை.

“மாப்ளே, எங்க அண்ணன் மௌத்தாயிட்டாங்க.”

கோத்தா திங்கியிலிருந்து சிங்கப்பூர் போகிற லாரிக்காரர் ஒருவர் கடையில் காத்திருந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். காலை பதினொரு மணிக்கு நெஞ்சுவலி. அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கம். அவர்களில் உடலை வைத்திருப்பதில்லை.

“அஸர் மூணேகாலுக்கு. அதுக்குள்ள போனா முகத்தைப் பாத்துடலாம்,” என்றார். பிறகு காரைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். “உங்களுக்கு இன்னிக்குப் பூஜை. எடுக்கக் கூடாதுன்னு தெரியும். மார்க்கெட் முனையில சீனர் வாடகை வண்டி ஒண்ணு நிக்குது, பாத்துட்டுத்தான் வரேன். அதுல போய்க்கிறேன். கடைச் சாவியை மட்டும் நீங்க வச்சுக்குங்க.”

அவர் கேட்டது அவ்வளவுதான். சாவியை வாங்கிக்கொண்டிருந்தால் போதும்.

“என் கார் இருக்கும்போது எதுக்கு மாமா வாடகை வண்டி?” என்றேன். “நில்லுங்க. வந்துட்டேன்.”

ஒன்பது வருஷத்தில் என்னால் ஒருவருக்கு ஆக வேண்டிய காரியம் என்று ஒன்று வந்திருந்தது. அதை மார்க்கெட் முனை வண்டிக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

உள்ளே போனேன். சாமான்கள் மூன்றும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. எடுத்திருக்கலாம். எடுப்பதானால் முறைப்படி எடுக்க வேண்டும் என்று தோன்றியது. கிணற்றடிக்குப் போய் இரண்டு வாளி தலையில் ஊற்றிக்கொண்டேன். வேட்டி மாற்றினேன். விளக்குத் திரியைத் தூண்டி, பூ வைத்து, மணியடித்துக் கற்பூரம் காட்டினேன். கற்பூரத்தை ஊதி அணைக்கக்கூடாது. தானாக எரிந்து அடங்க வேண்டும். அது சற்றுப் பெரிய கட்டி. அடங்கும்வரை கைகூப்பி நின்றேன். பக்தி என்று சொல்ல மாட்டேன். வரிசை மாறினால் என்னால் தாங்க முடியாது, அவ்வளவுதான். வெளியே வந்தபோது மணி 1.35. மாமா சொன்ன இடத்திலேயே, வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

சங்கிலியைக் கழற்றினேன். திருகைப் போட்டேன். ரோட்டரின் சந்தனத்தை வேட்டி முனையால் துடைத்து உள்ளே பொருத்தினேன். கதவைத் திறந்ததும் ஹாரன் அலறியது, விசையை மறந்திருந்தேன். சந்தில் எல்லா ஜன்னலிலும் தலை தெரிந்தது. மாமா மட்டும் திரும்பவில்லை.

முன்னால் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினேன். இஞ்சின் ஒரு தடவை இருமியது. பிறகு அதுவும் இல்லை.

கோளாறு என்றால் எதை எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று என்னிடம் ஒரு பட்டியல் உண்டு. மனப்பாடம். பெட்ரோல் இருந்தது. குழாய் திறந்திருந்தது. பேட்டரி சரி. மணிக்கு இழுத்த கம்பியில்தான் ஏதோ என்று எண்ணி, ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அப்போதும் கிளம்பவில்லை. ரோட்டர் பட்டியலில் கடைசி. அதை நானே என் கையால் துடைத்துப் போட்டிருந்ததால் சந்தேகிக்கவே இல்லை.

இரண்டு மணிக்கு மாமா மார்க்கெட் பக்கம் நடந்தார். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். வாடகை வண்டி பொந்தியானுக்குச் சவாரி போய்விட்டது. மற்ற இரண்டு வாடகை வண்டிக்காரர்களும் நம் ஆட்கள். மாலை போட்டு நிறுத்திவிட்டு, சாவியைச் சாமி முன் வைத்துவிட்டு எங்கோ போயிருந்தார்கள்.

“இன்னும் எது பாக்கி மாப்ளே?”

“ரோட்டர் ஒண்ணுதான்.”

“காட்டுங்க.”

பிடுங்கிக் கொடுத்தேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பினார். முகர்ந்து பார்த்தார்.

“அலமாக்!” என்றார், மலாய்க்காரர்கள் திகைத்துச் சொல்வதுபோல. “இதுக்கு ஏன் மாப்ளே சந்தனம்?”

பித்தளைத் தகட்டுக்கு அடியிலும் குழிக்குள்ளும் சந்தனம் ஈரமாகவே இருந்தது. நான் துடைத்தது மேலே தெரிந்ததை மட்டும். ஈரத்தில் பொறி எங்கேயோ வழிந்து போயிருக்கிறது. மாமா கடையைத் திறந்து, காலையில் மூட்டிய அடுப்பின் கனலை ஊதி, ரோட்டரை இடுக்கியில் பிடித்து வாட்டினார். ஊசியால் குழியைச் சுரண்டினார். மறுபடி வாட்டினார். அண்ணனை இழந்தவர் அடுப்பின் முன் குந்தியிருக்க, நான் பக்கத்தில் விசிறியோடு நின்றேன்.

முதல் சுற்றிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது. மணி 2.32. கழற்றிய கம்பிகள் தொங்கின. அவற்றை வரிசைப்படி மாட்டாமல் என்னால் மூடியை மூட முடியவில்லை. 2.35க்குக் கிளம்பினோம்.

வழியில் அவர் பேசியது ஒரு தடவைதான். “மெதுவா போங்க மாப்ளே, வளைவு இருக்கு,” என்றார். அன்று அந்தக் கார் போகக்கூடிய வேகத்தில்தான் போனேன். மாலை காற்றில் அறுந்து, பூ ஒவ்வொன்றாக முன் கண்ணாடியில் வந்து ஒட்டியது. சாலையின் இருபுறமும் ரப்பர் மரங்கள் வரிசையாக இருந்தன. அதுவரை எனக்குப் பிடித்த வரிசை அது. அன்று அது முடியவே இல்லை.

அடக்கம் நடந்த மையத்துக்காட்டின் வேலியோரம் நிறுத்தினேன். ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். இறங்கி என் பக்கக் கதவைச் சாத்தியதும் என் கை, நான் நினைக்காமலே, கதவுக்கு மேலால் இருக்கைக்கு அடியில் போய் விசையைத் தட்டி மணியை இயக்கியிருக்கிறது. மாமா கதவைத் திறந்தார். ஹாரன் அலறியது. குனிந்த தலையோடு வந்த அத்தனை பேரும் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்கள். நான் துழாவி நிறுத்துவதற்குள் அவர் அந்தச் சத்தத்தோடேயே உள்ளே நடந்துவிட்டார்.

ஒரு பெரியவர் என்னிடம் வந்து சொன்னார்: “தம்பிக்காரர் வருவார்னு மூணு முப்பத்தஞ்சு வரைக்கும் மூடாம வச்சிருந்தோம். அதுக்கு மேல வைக்கக்கூடாது.”

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 3.50. இருபதைக் கழித்தேன். 3.30.

மாமா புது மண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் வேலிக்கு வெளியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது சக்கரத்தில் சங்கிலி பூட்டியிருந்தது. ரோட்டர் என் பையில் இருந்தது. இரண்டையும் நான் எப்போது செய்தேன் என்று தெரியாது.

அன்று எழுதக்கூடாத நாள். நாட்குறிப்பு பூஜையில் இருந்தது. மறுநாள் காலையில் முறைப்படி எடுத்து அந்த நான்கு வாக்கியங்களை எழுதினேன். ஈரம் என்று எழுதினேன். அது யார் கேட்டாலும் சொல்லக்கூடிய காரணம். கற்பூரத்தை எழுதவில்லை.

இரண்டு மாதத்தில் மாமா கடையைக் கைமாற்றிவிட்டு, அண்ணன் கடையைப் பார்த்துக்கொள்ளக் கோத்தா திங்கிக்குப் போனார். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் வேறு ஆண் துணை இல்லை. அந்த இரண்டு மாதமும் எனக்கு முன்போலவே சோறு போட்டார். மீன்தலை இருந்தால் எனக்கென்று எடுத்து வைத்தார். நான் சங்கிலி பூட்டும்போது மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். தாலி, கிளி, எதுவும் இல்லை. நானும் சீக்கிரம் பூட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

புறப்படும் நாளில் சாமான் ஏற்றிய லாரிக்குப் பக்கத்தில் நின்று சொல்ல ஆரம்பித்தேன். “மாமா, அன்னிக்கு நான் உள்ளே போனப்ப...”

“மணிச் சத்தம் கேட்டுச்சு மாப்ளே,” என்றார். “வாசல்ல தானே நின்னேன்.” லாரியின் கயிற்றை இழுத்துப் பார்த்தார். “உங்க சாமிகிட்ட கேட்டுட்டு எடுக்கிறீங்கன்னு நினைச்சுக்கிட்டேன். அதுக்கு நடுவுல கூப்பிடலாமா?” பிறகு என் சட்டைப் பையைத் தொட்டார். தீப்பெட்டி இருந்தது. “பத்திரம்,” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

அந்த ஒரு சொல்லைக் கேலியாகச் சொன்னாரா என்று முகத்தில் தேடினேன். லாரி திரும்பிவிட்டது.

கோத்தா திங்கி இருபத்தாறு மைல். வெள்ளிக்கிழமைதோறும் எனக்கு விடுமுறை. கார் நல்ல நிலையில் இருந்தது. அந்த வருஷம் ஒரு தடவையும் நான் போகவில்லை. அவரும் வரவில்லை. லாரிக்காரர் வழியாக இரண்டு தடவை கருவாடு கொடுத்தனுப்பினார்.

அடுத்த சரஸ்வதி பூஜை வேலைநாளில் வந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டேன். பேனா, மைக்கூடு, அளவுகோல், நாட்குறிப்பு நான்கை மட்டும் சாமி முன் வைத்தேன். ரோட்டரைக் காரில் அதன் இடத்திலேயே விட்டேன். திருகும் அதன் இடத்தில். கம்பளித் துணியை மடித்துப் பெட்டியில் போட்டேன். சக்கரத்தில் சங்கிலி போடவில்லை. மணியின் விசையை நிறுத்தி வைத்தேன். காரைச் சாலையைப் பார்க்கத் திருப்பி, ஒரு தடவை சுற்றிக் கிளப்பிப் பார்த்து அணைத்துவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

சந்தின் முனையில் கடையைப் புதிதாக எடுத்தவர் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன். மூன்றேகால் ஆனது. மூன்று ஐம்பது ஆனது. யாரும் வரவில்லை. காரையும் யாரும் தொடவில்லை.

ஆறு மணிக்கு நாற்காலியை உள்ளே எடுத்து வைத்து, வீட்டுக் கதவைத் தாழிட்டேன். காரைப் பூட்டவில்லை.